இட்டேரியும் ஐம்பது சிசியும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பழைய இரும்பு எடுக்கிறவர் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்தார். பின்பக்கத் தாழ்வாரத்தில் உரச்சாக்கு போர்த்தி நின்றிருந்த அய்யனுடைய மொபெட்டை ஒரே பார்வையில் எடைபோட்டு, "ரெண்டாயிரம் தர்றனுங்க, ஏத்திக்கட்டுங்களா?" என்றார். தம்பி சரி என்றான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அய்யன் தவறிப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வண்டி கிளம்பவே இல்லை. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருக்கிறது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நான் மட்டும், "ஒரு மாசம் பொறுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை.

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டு, பழைய பாதைகள், ரயில் என்று வேறு வகை. நாற்பது வருஷம் பழைய சங்கதியெல்லாம் வரலாறா என்று கேட்கலாம். அந்த ஒரு மாசம் வண்டியைப் பிரித்துக் கோர்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் "ஆமாம்" என்பதுதான். காங்கேயத்திலிருந்து பொள்ளாச்சி வரை காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு பால் சொசைட்டி முன்னால் நின்று பாருங்கள். இத்தனை சின்ன வண்டிகள் இந்த மண்ணில் ஏன் குவிந்தன? அழகும் வேகமும் உள்ள வண்டிகள் மறைந்துபோக, இது மட்டும் எப்படி நின்றது? விலை குறைவு என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பெடலில் தொடங்கிய கதை

மொபெட் என்பது மோட்டார், பெடல் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். 1952ல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் உண்டாக்கினார். பொருள் அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஐரோப்பாவில் பணமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. சைக்கிளிலேயே சின்ன எஞ்சினை மாட்டினார்கள். பிரான்சில் 1946ல் வெலோசொலெக்ஸ், 1949ல் மொபிலெட் வந்தன. ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா 1946ல் செய்ததும் இதேதான். ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருந்த குட்டி எஞ்சின்கள் போருக்குப்பின் உபரியாகக் கிடந்தன. அவற்றை வாங்கி சைக்கிளில் பொருத்தி விற்றார். உலகத்தின் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி அப்படி, பழைய பொருளை வேறு வேலைக்குத் திருப்பியதில் தொடங்கியது.

இந்தியாவில் மொபிலெட்டின் தொழில்நுட்பத்தை வைத்து 1960களில் திருப்பதியிலிருந்து சுவேகா வந்தது. 1972ல் புனேயிலிருந்து லூனா வந்தது. அது லைசென்ஸ் ராஜ் காலம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. காத்திருக்க முடியாதவர்களுக்கும் அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கும் மொபெட். ஆனால் அந்த முதல் மொபெட்டுகள் ஒருவர் மட்டும் போவதற்கானவை. குமாஸ்தாவும் ஆசிரியரும் ஆபீசுக்குப் போகப் பொருத்தம். தோட்டத்துக்குச் சரிவராது.

1980ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. செய்தது சுந்தரம் கிளேட்டன் நிறுவனம். 1911ல் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் குழுமத்தின் பிரிவான அது, 1962ல் பிரேக் சாதனங்கள் செய்ய ஆரம்பித்த கம்பெனி. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டம். வண்டியின் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: இரண்டு பேர் உட்காரலாம். இந்தியாவின் முதல் இரட்டை இருக்கை மொபெட் அது.

இரண்டு பேர் உட்காரலாம் என்றால் ஓர் ஆளும் ஒரு மூட்டையும் போகலாம். கொங்கு நாட்டுக்காரர் இதைப் புரிந்துகொள்ள விளம்பரம் தேவைப்படவில்லை.

இட்டேரி

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் போல வீடுகள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, வயல் சுற்றிலும் இருக்கிற அமைப்பு இங்கே குறைவு. ஊர் என்று ஒன்று இருக்கும். ஆனால் குடியானவர் பலருக்கும் வீடு தோட்டத்துக்குள்ளே இருக்கும். கிணறு, அதையொட்டி சாளை, சாளையையொட்டி மாட்டுக்கட்டுத்தரை. பக்கத்துச் சாளை கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். இந்தச் சாளைகளையும் ஊரையும் இணைப்பது இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலியோ கள்ளி வேலியோ, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம், கீழே மண்ணும் சரளையும். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி.

இந்த வழியில் தினமும் இரண்டு தடவை பால் போகவேண்டும். மாட்டு வண்டி பூட்டுவதற்குள் விடிந்துவிடும். சைக்கிளில் இருபது லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டு சரளை மேட்டில் மிதிப்பது வாலிப வயதில் மட்டும் நடக்கிற காரியம். புல்லட்டும் ராஜ்தூத்தும் பண்ணையக்காரர் வீட்டு வண்டிகள், மணலில் சாய்ந்தால் நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். மொபெட் சாய்ந்தால் ஒரு பெண்பிள்ளை தனியாக நிமிர்த்திவிடலாம். கியர் கிடையாது. சேலை கட்டியவர் காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரலாம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் தவிட்டு மூட்டை, பின்னால் கேன், அதற்கு மேலே சோளத்தட்டுக் கட்டு. பின்னாலிருந்து பார்த்தால் தட்டுப்போர் தானாக நகர்ந்து போவது மாதிரி இருக்கும்.

காலமும் ஒத்துப்போனது. 1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் அப்போது கிராமத்துக்கு ஒரு சொசைட்டி என்று பரவிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுப் பால் கூட்டுறவு இணையம் 1981ல் உருவானது. வண்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பால் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, நடுவில் இரண்டு மைல் இட்டேரி. அந்த இடைவெளியில் வந்து பொருந்தியது ஐம்பது சிசி எஞ்சின்.

பால் மட்டுமில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரருக்கு நூல் கொண்டுபோய் துணி திரும்பக் கொடுக்கிற கூலி நெசவு. திருப்பூரில் ஓரிடத்தில் கட்டிங், இன்னோரிடத்தில் தையல், மூன்றாவது இடத்தில் செக்கிங். பனியன் எப்படி உருவாகிறது என்று வெளிநாட்டுக்காரர் கேட்டால் பெரிய தொழிற்சாலையைக் காட்டுவார்கள். ஆனால் ஒரு கூடத்துக்கும் அடுத்த கூடத்துக்கும் நடுவில் பீஸ் மூட்டையைக் கொண்டுபோனது இந்த வண்டிதான். பெரிய ஆலையில் கன்வேயர் பெல்ட் செய்கிற வேலையை இங்கே மொபெட் செய்தது.

பிரித்துப் பார்த்த ஊர்

வண்டி வாங்குவது ஒரு நாள் வேலை. அதை இருபது வருஷம் ஓட வைப்பது வேறு விஷயம். அதற்கு இந்த ஊரில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள் என்பதுதான் என் வாதம்.

கோவைத் தொழில் வரலாறே ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கியது என்று சொன்னால் பாதி விளையாட்டு, பாதி உண்மை. சூலூர் பக்கம் கலங்கலில் 1893ல் பிறந்த ஜி.டி.நாயுடு சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். குதிரையும் மாடும் இல்லாமல் வண்டி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, ரட்ஜ் என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கோர்த்தார். 1920ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டினார். பிறகு யு.எம்.எஸ். பஸ் சர்வீஸ், பட்டறைகள், 1937ல் டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து மின்மோட்டார் என்று அந்தக் கதை நீண்டுபோகிறது. நாலு வருஷம் பொறியியல் படிப்பது காலவிரயம் என்று வாதாடியவரும் அவர்தான். பி.இ. படித்த நான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் வார்க்க ஃபவுண்டரி, கடைய லேத். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த இடத்தில் ஆயில் எஞ்சினும் அப்புறம் மின்மோட்டாரும் வந்தன. கிணறு ஆழமாக ஆழமாக மோட்டார் ரிப்பேரும் கூடியது. ஆக, 1980ல் மொபெட் வந்து சேர்ந்தபோது கணபதியிலும் பீளமேட்டிலும் மட்டுமில்லை, கிராமத்து நால்ரோட்டிலும் போர் பிடிக்கவும் புஷ் கடையவும் பேரிங் இறக்கவும் தெரிந்த கைகள் இருந்தன. பம்பு எஞ்சினைப் பிரித்தவருக்கு ஐம்பது சிசி எஞ்சின் விளையாட்டுப் பொருள் மாதிரி.

இதை எதிர்ப்பக்கமிருந்தும் பார்க்கலாம். பார்க்க அசல் மோட்டார் சைக்கிள் மாதிரியே இருந்த குட்டி வண்டிகளும் வந்தன. 1973ல் 'பாபி' படம் வந்தபின் பாபி என்றே பெயர் வாங்கிய ராஜ்தூத் ஜிடிஎஸ், சின்ன சக்கரமும் உருண்டை டேங்க்குமாக இளவட்டங்களை மயக்கியது. 1980களில் என்ஃபீல்டு கம்பெனி ஜெர்மனியின் சுண்டாப் தொழில்நுட்பத்தில் எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று ஐம்பது சிசி வண்டிகள் விட்டது. எக்ஸ்ப்ளோரருக்கு கியர் உண்டு, பைக் தோற்றம் உண்டு. கல்லூரிப் பையன்கள் கனவு வண்டி. அந்த சுண்டாப் கம்பெனியே 1984ல் திவாலானது. இன்று இவற்றைத் தேடுகிறவர்கள் பழைய வண்டி சேகரிப்பவர்கள் மட்டுமே. இன்றைக்கும் இணையத்தில் சீன நாட்டுக் குட்டி சாப்பர் பைக்குகளை வாங்கி ஓட்டிப் பார்க்கிற ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. அவற்றுக்கும் அதே வியாதிதான்: ஒரு பாகம் போனால் வண்டியே போச்சு. எந்தப் பெட்டிக்கடைக்காரரும் பாகம் வைத்திருக்கிற வண்டியை எந்த மெக்கானிக்கும் தொடுவார். எந்த மெக்கானிக்கும் தொடுகிற வண்டிக்கு எந்தப் பெட்டிக்கடைக்காரரும் பாகம் வைப்பார். இந்தச் சுழலுக்குள் நுழைந்த வண்டி பிழைத்தது.

மூச்சு எங்கியோ போகுது

இனி என் ஒரு மாசக் கதை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அசைகிற முக்கிய பாகம் மூன்றுதான்: பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க். வால்வு, கேம் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கிற துவாரங்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. எஞ்சினுக்கென்று தனி ஆயில் கிடையாது, பெட்ரோலிலேயே ஆயில் கலக்கவேண்டும், லிட்டருக்கு இருபதிலிருந்து நாற்பது மில்லி வரை. இவ்வளவு எளிய எஞ்சினை யூடியூப் பார்த்தே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கார்பரேட்டரைக் கழற்றி, பழைய பிரேக் கேபிளில் ஒரு ஒற்றை இழை உருவி ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்தேன். பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்து இடைவெளி வைத்தேன். புது பிளக் போட்டேன். சைலன்சரைக் கழற்றித் தென்னம்மட்டைத் தீயில் போட்டுக் கரியைத் தட்டி எடுத்தேன். இந்த ஒரு வேலை மட்டும் சின்ன வயதில் அய்யனோடு உட்கார்ந்து செய்தது, கை தானாகச் செய்தது. எல்லாம் முடித்துப் பெடலை மிதித்தால் "டப்" என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே கூத்து. ஆபீசில் என்றால் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நால்ரோட்டு மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். எழுபது தாண்டியவர். அய்யனுடைய வண்டியை முதலிலிருந்தே பார்த்தவர். கை வைக்காமலே கேட்டார்.

"பொறி வருதா தம்பி?"

"வருதுங்கண்ணா."

"பெட்ரோல் எறங்குதா?"

"எறங்குதுங்க. பிளக் கழட்டிப் பாத்தா ஈரமாக்கூட இருக்குதுங்க."

"அப்பறமும் எந்திரிக்கலைன்னா மூச்சு எங்கியோ போகுதுன்னு அர்த்தம். கிராங்க் சீல் பாத்தியா?"

பார்க்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கீழே கிராங்க் அறைக்குள் போய், பிஸ்டன் இறங்கும்போது அங்கே அமுங்கி, பக்கத் துவாரம் வழியாக மேலே ஏறும். கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் சீல் காய்ந்துபோனால் அந்த அமுக்கம் கிடைக்காது. பதினோரு வருஷம் சும்மா நின்றதில் ரப்பர் கல்லாகியிருந்தது. நான் செய்த தவறு வண்டியை ஓட்டாமல் விட்டதுதான். வேறு யாரையும் குறை சொல்ல இடமில்லை.

சீல் மாற்ற எஞ்சினை இறக்கவேண்டும். இறக்கியதும் அண்ணன் ஹெட்டைத் திறந்து பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினார். 75 என்ற எண் தெரிந்தது.

அதன் பொருள் இது. சிலிண்டர் தேய்ந்தால் உட்புறத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். முதல் தடவை கால் மில்லிமீட்டர், அடுத்து அரை, அடுத்து முக்கால். 75 என்றால் முக்கால். மூன்று தடவை போர் பிடித்த எஞ்சின். கல்வெட்டில் எழுத்தைப் பார்த்துக் காலம் சொல்கிற மாதிரி, அந்த எண்ணைப் பார்த்து எஞ்சின் எவ்வளவு உழைத்தது என்று சொல்லலாம். அது எனக்குப் பிடித்த வேலை. தேதி கிடைக்குமா என்று வீட்டில் தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது. பால் சொசைட்டி பாஸ் புத்தகங்களை அய்யன் கட்டிப் பரணில் வைத்திருந்தார். முன்பக்கம் காலை, மாலை லிட்டர் கணக்கு. பின்பக்க வெற்றுத்தாளில் பென்சிலில் வண்டிச் செலவு: பிளக், ரிங், கிளட்ச் கட்டை, டியூப். சாப்ட்வேர்காரனுக்கு இது சர்வர் லாக் மாதிரி. உட்கார்ந்து படித்தேன்.

1997 ஆகஸ்டில் ஒரு வரி: "பெரியவன் காலேஜ்". பக்கத்தில் தொகை. அதற்கப்புறம் வரிசையாக ஒரே சொல்தான். பிளக். இருபது நாள் கழித்துப் பிளக். பதினெட்டு நாளில் பிளக். டூ-டி ஆயில் வாங்கியதும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு. 1998 பிப்ரவரியில் "போர் 75".

அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஞாபகம் இருக்குது. போர் போயிருச்சு, மேடு ஏறாது. பிடிச்சுரலாம்னேன். தை மாசம் போகட்டும்னாரு. அதுவரைக்கும் ஆயிலை அதிகமா ஊத்தி ஓட்டுனாரு. ஆயில் ஜாஸ்தியானா கம்ப்ரஷன் கொஞ்சம் நிக்கும், ஆனா பிளக்கைத் தின்னுரும். மேட்டுல கேனோட தள்ளிட்டுத்தான் போவாரு."

அந்த ஆறு மாசமும் நான் ஹாஸ்டலில் இருந்தேன். லீவில் வந்தபோது, "ஏனுங்கய்யா மேட்டுல தள்ளிட்டு வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறேன். "நடந்தா ஒடம்புக்கு நல்லது கண்ணு" என்றார். நம்பிவிட்டேன்.

மலிவான வண்டி என்பதன் மீதிப் பாதிப் பதில் எனக்கு இங்கேதான் கிடைத்தது. விலை குறைவு என்பது வாங்குகிற அன்றைக்கு. அதற்குப் பிறகு அந்த வண்டி கொடுத்தது வேறொன்று: செலவை எப்போது செய்வது என்று முடிவெடுக்கிற உரிமை. போர் பிடிக்கப் பணம் இல்லையென்றால் ஆயிலைக் கூட்டி ஓட்டலாம். சீல் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுக்கலாம். நொண்டிக்கொண்டாவது நகரும். கையில் காசு வருகிற மாதத்தில் சரிசெய்துகொள்ளலாம். மழையையும் பால் விலையையும் நம்பிப் பிழைப்பவருக்கு மைலேஜைவிட அது பெரிய விஷயம்.

புகையின் கணக்கு

இதைப் படித்துவிட்டு அந்தக் காலமே பொற்காலம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் புகைத் துவாரமும் திறந்திருக்கும். பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். அதோடு எரிந்தும் எரியாத ஆயில். அய்யன் அந்த ஆறு மாசம் கூட்டி ஊற்றிய ஆயில் முழுவதும் இட்டேரியில் நீலப்புகையாகப் போனது. பின்னால் உட்கார்ந்தவர்கள் அதை மூச்சில் இழுத்தோம். ஹெல்மெட் என்ற பொருளை அந்த நாளில் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. சக்கரம் சின்னது, சுமையோ அளவு மீறியது. இரவில் பஸ் ரோட்டில் ஏறும்போது பின்விளக்கைத் தட்டுக்கட்டு மறைத்திருக்கும். அப்படி அடிபட்டுப் போனவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே உண்டு.

1996, 2000 என்று புகை விதிகள் இறுகியது சரியான காரியம். ஐம்பது சிசி வண்டி எழுபது சிசி எக்ஸ்எல் சூப்பராக வளர்ந்தது. 2015ல் எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. பெட்ரோலில் ஆயில் கலக்கிற வேலை முடிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது கார்பரேட்டரும் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெடல் வைத்த வண்டிக்கு வாரிசு இன்று கம்ப்யூட்டர் வைத்த வண்டி. 2024ல் லூனாவே மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. அய்யன் இருந்தால் முதல் ஆளாகப் போய்ப் பார்த்திருப்பார்.

என் கவலை வேறு இடத்தில். பிளக்கின் நிறத்தைப் பார்த்து எஞ்சினின் நோய் சொன்ன அண்ணன், புது வண்டி வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். பேட்டரிப் பெட்டி என்றால் திறக்கவே முடியாது. நான் பார்க்கிற மென்பொருள் வேலையும் இதில் குற்றவாளிதான். பூட்டிய பெட்டிக்குள் எழுதுகிறவர்கள் எங்களைப் போன்றவர்களே. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். பாகங்களின் விவரம், பழுது பார்க்கும் முறை எல்லாம் கம்பெனிகள் அதில் தரவேண்டும் என்பது நோக்கம். நல்ல தொடக்கம். ஆனால் அது நால்ரோடு வரை வந்து சேரவேண்டும். நொண்டிக்கொண்டு ஓடாத வண்டி, ஒன்று முழுதாக ஓடும், இல்லை முழுதாக நிற்கும். அது நிற்கிற நாள் மாதக் கடைசியாக இருந்தால்?

அண்ணன் பட்டறை மூடவில்லை. டூ ஸ்ட்ரோக் வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. களை வெட்டுகிற மெஷினும் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. அதே ஆயில் கலவை, அதே பிளக், அதே நோய்கள். கற்றுக்கொள்ளத்தான் பையன் யாரும் வருவதில்லை.

வண்டி கிளம்பியது

சீல் இரண்டும் பேரிங்கும் மாற்றினோம். டேங்க் உள்ளே துரு அரித்துப் பொத்தலாகியிருந்ததால் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒன்று தேடி வாங்கினேன். நிறம் வேறு, பரவாயில்லை. மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாலாவது மிதியில் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டுக் கட்டுத்தரையில் இருந்த அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இன்னும் ரோட்டில் ஓட்டவில்லை. ஆர்சி காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. அய்யன் பெயரிலிருந்து மாற்றவேண்டும், பதினைந்து வருஷம் தாண்டியதால் வண்டியைக் காட்டிப் பசுமை வரி கட்டிப் புதுப்பிக்கவேண்டும். அதுவரை கிணற்று மேட்டிலிருந்து தோட்டத்துக் கடவு வரைக்கும்தான் பயணம். தம்பியும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

சொன்னபடி இரும்புக்காரர் திரும்ப வந்தார். வண்டி ஓடுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரிங்க, அந்தப் பழைய டேங்கையாவது குடுங்க" என்றார். கொடுத்தேன். தராசில் வைத்து நாற்பது ரூபாய் தந்தார்.

கடைசிப் பாஸ் புத்தகத்தின் பின்தாளில் இன்னும் இடம் இருந்தது. தேதி போட்டு, சீல் 2, பேரிங், டேங்க், பிளக் என்று எழுதிவைத்தேன். வரவில் நாற்பது.